தேர்தல் விளம்பர விதிகளைப் பரீட்சைக்குப் படிக்கும் முறை

கொழும்பில் சட்டம் பயின்று, தேர்தல் சட்டப் பகுதியைப் பரீட்சைக்காக ஆழ்ந்து படித்தவன் என்ற முறையில், அடுத்து எழுதவிருக்கும் மாணவர்களுக்காக இதனை எழுதுகிறேன். கட்சிகளும் வேட்பாளர்களும் செய்யும் விளம்பரங்களுக்கான விதிகள் நம் நாட்டில் ஒரே சட்டத்தில் இல்லை. அரசியலமைப்பிலும், 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நாடாளுமன்றத் தேர்தல்கள் சட்டத்திலும், அதே ஆண்டின் 15ஆம் இலக்க சனாதிபதித் தேர்தல்கள் சட்டத்திலும், 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்திலும், தேர்தல்கள் ஆணைக்குழு வெளியிடும் ஊடக வழிகாட்டல்களிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. ஆகவே ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியே மனனம் செய்வதைவிட, ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, அது எங்கே, எப்போது, எவர் பணத்தில் வந்தது என்று கேட்டபடி உரிய சட்ட ஏற்பாட்டைத் தேடிச் செல்வதே பயன் தரும்.

நான் எனக்கே அமைத்துக்கொண்ட பயிற்சி வினா ஒன்றைச் சொல்கிறேன். வேட்புமனுத் தாக்கலுக்குப் பின்னர், வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் குறுக்கே ஒரு வேட்பாளரின் பதாகை கட்டப்படுகிறது. ஆதரவாளர் ஒருவர் தம் வீட்டு மாடியில் கட்சிக் கொடியை ஏற்றுகிறார். வேட்பாளர் பயணிக்கும் வாகனத்தில் அவருடைய படம் ஒட்டப்பட்டிருக்கிறது. வீதிக்குக் குறுக்கே கட்டிய பதாகை தவறு என்பதை எல்லோரும் எழுதிவிடுவர். வீட்டு மாடிக் கொடி பற்றி எழுதும்போதுதான் பலர் தடுமாறுகின்றனர். வேட்புமனு நாள் தொடங்கி வாக்கெடுப்புக்கு மறுநாள் வரை, தேர்தலை முன்னிட்டுக் கொடியோ பதாகையோ காட்சிப்படுத்துவதற்கான தடை தனியார் வளவுக்கும் பொருந்தும். வேட்பாளரின் பயணத்துக்குப் பயன்படும் வாகனமோ விதிவிலக்குப் பெறுகிறது. சுவரொட்டி, துண்டுப்பிரசுரம் என்று வந்தால், அச்சிட்டவரின் பெயரும் வெளியிட்டவரின் பெயரும் முகவரிகளோடு இருக்கின்றனவா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதனைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகின்றனர்.

அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரையை மூலத்திலேயே வாசிக்க வேண்டும். அரச சொத்துக்களைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்யவும், வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும் பத்திரிகை வெளியீட்டாளர்களுக்கும் வழிகாட்டல் வழங்கவும் ஆணைக்குழுவுக்குள்ள அதிகாரம் அங்கிருந்தே பிறக்கிறது.

என் பார்வையில் மிகுந்த கவனத்துக்குரியது 2023ஆம் ஆண்டுச் சட்டமே. விளம்பரத்தின் உருவத்தையும் இடத்தையும் தாண்டி, அதன் பின்னாலுள்ள பணத்தையும் கேள்வி கேட்பது இச்சட்டந்தான். சாதாரண வாக்காளருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2024 சனாதிபதித் தேர்தலில் பிரசாரச் செலவுக்கு ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என வரம்பு வகுக்கப்பட்டது. பதிவு பெற்ற 17,140,354 வாக்காளரால் அதனைப் பெருக்கினால் 186 கோடியே 82 இலட்சம் ரூபாயைத் தாண்டும். இத்தொகையில் 60 சதவீதம் வேட்பாளருக்கும் 40 சதவீதம் கட்சிச் செயலாளருக்கும் உரியது. பெறுபேறு வெளியான 21 நாட்களுக்குள் வரவு செலவு விபரங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். இக்கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால், எண்கள் தாமாகவே நினைவில் தங்கும்.

முகநூல் விளம்பரம் பற்றிய வினாவை இரு கூறாகப் பிரியுங்கள். முதலாவது, காலம். அந்தச் சனாதிபதித் தேர்தலின் 2024 செப்டெம்பர் 21 வாக்கெடுப்புக்கான பிரசாரம் 18ஆம் திகதி நள்ளிரவோடு முடிந்தது. பிரசாரம் முடிந்ததிலிருந்து வாக்கெடுப்பு வரையுள்ள அமைதிக் காலத்துக்கு முன்பே பதிவேற்றியதாயினும், பணம் செலுத்தித் தொடர்ந்து ஓடும் விளம்பரத்தைப் பழைய பதிவாகக் கருத முடியாது என்பதே என் வாதம். இரண்டாவது, பணம். கட்டணத்தைச் செலுத்தியவர் அடையாளம் தெரியாதவராயின், அத்தகையோரிடம் நன்கொடை பெறுவதற்கான தடையை இங்கே எழுப்ப வேண்டும்.

வரம்புத் தொகை ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக நிர்ணயிக்கப்படுவதால், பழைய குறிப்புகளிலுள்ள எண்ணை அப்படியே எழுதாமல், எந்தத் தேர்தலுக்குரியது என்பதையும் அருகில் குறித்துவிடுங்கள். 2025 உள்ளூராட்சித் தேர்தலில் அத்தொகை சபைக்குச் சபை வேறுபட்டு, வாக்காளர் ஒருவருக்கு 74 ரூபாய் முதல் 160 ரூபாய் வரை அமைந்தது.