நெபுலைசர் அறைப் பஞ்சாயத்து

குழந்தையின் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி, மருந்தை ஆவிபோல் மூச்சில் ஏற்றும் நெபுலைசரை ஓடவிட்டால், மருந்து தீரும் வரை பத்து நிமிடம் யாருக்கும் வேலை இல்லை. குடும்பப் பஞ்சாயத்து அப்போதுதான் கூடும். “மூன்றாம் மாதமே புட்டியைத் திணித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அதனால்தான் பிள்ளைக்கு மூச்சிளைப்பு. நீங்களே சொல்லுங்கள் சிஸ்டர்” என்று மாமியார் என்னை நாட்டாமையாக்குவார். பெற்றவள் வாயே திறக்கமாட்டாள். மாஸ்க் நழுவாமல் பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் செவிலியர் என்பதால் இந்த வழக்கு என்னிடம் அடிக்கடி வருகிறது. ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். நாங்கள் ஒட்டும் தாள்களில் ‘ஆஸ்துமா வராது’ என்ற வரியும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். மாமியார்களுக்கு அந்த வரி மட்டும் எப்படியோ மனப்பாடமாகிவிடுகிறது.

அது அவ்வளவு உறுதியான வரி அல்ல. நீ தாய்ப்பால் கொடு, நீ கொடுக்காதே என்று தாய்மார்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க முடியாது. பெலாரஸ் நாட்டில் 1996–97இல் இதற்கு வேறு வழி கண்டார்கள். 31 மகப்பேறு மருத்துவமனைகளைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் தாய்ப்பாலூட்டத் தனிப் பயிற்சியும் ஆதரவும் கொடுத்தார்கள். 17,000க்கும் மேற்பட்ட தாய்மார்களும் சேய்களும் அதில் சேர்ந்தார்கள். ஆதரவு கிடைத்த பக்கத்தில் தாய்ப்பால் கூடுதல் காலம் நீடித்தது. முதல் வயதுக்குள் வயிற்றுப்போக்கும் கரப்பான் என்ற தோல் அரிப்பும் குறைந்தன. ஆனால் ஆறரை வயதில் பார்த்தபோது ஆஸ்துமா குறைந்ததாகத் தெரியவில்லை. 2007இல் அந்த முடிவு வெளியானது. இரு பக்கத்துத் தாய்மார்களும் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியவர்களே. எனவே அறவே கொடுக்காதவர்களைப் பற்றி இந்த ஆய்வு பேசாது. ஆனாலும் மருமகளைக் கூண்டில் ஏற்ற இந்தச் சாட்சி போதாது.

இரண்டு வயதுக்குள் வரும் இளைப்பின் கதை வேறு. பெரும்பாலும் வைரஸ் சளிதான் காரணம். மூச்சுக்குழாய் அந்த வயதில் மிகக் குறுகலானது. கொஞ்சம் வீங்கினாலே விசில் சத்தம் வரும். நெஞ்சுச்சளியோடு ஓடிவருவதைத் தாய்ப்பால் குறைக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்படி மூச்சிளைக்கும் குழந்தைகளில் பலர் பள்ளி செல்லும் வயதில் தேறிவிடுகிறார்கள். அமெரிக்காவின் டூசான் நகரில் 1980 முதல் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்துவந்தவர்கள் 1995இல் இதைப் பதிவு செய்தார்கள்.

பஞ்சாயத்து சூடாகும்போது நான் கேள்வியைத் திருப்பிவிடுவேன். குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடுகிறீர்களா? மாமியார் பெருமையோடு தலையாட்டுவார். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும் என்று சொன்னால் முகம் மாறும். சாம்பிராணி வேறு. ஈரத் தலையைப் புகைக்குக் காட்டிய குழந்தை என்றால், மாஸ்க் பொருத்தக் குனியும்போதே முடியில் வாசனை அடிக்கும். தாத்தா பீடியைத் திண்ணையில்தான் பிடிப்பார். முடித்த கையோடு பேரனைத் தூக்கி அதே துண்டின் மேல் சாய்த்துக்கொள்வார். மல்லாக்கப் படுக்கவைத்துப் பாலாடையால் புகட்டிப் புரையேறுவதும் உண்டு. இவை மருமகளின் கணக்கில் வராததாலோ என்னவோ, யாரும் கிளறுவதில்லை.

புட்டி ஏன் வந்தது என்றும் யாரும் கேட்பதில்லை. தமிழக அரசு ஊழியரான எனக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவளுக்குச் சட்டம் 26 வாரம் என்கிறது. கையில் மிஞ்சுவது வேலை போய்விடும் என்ற பயம்தான்.

என்னோடு பணியாற்றும் மூத்த செவிலியர் ஒருவருக்கு என்மேல் வருத்தம். “ஆஸ்துமா வரும் என்ற பயம் இருந்தால்தான் பால் கொடுப்பார்கள், அதையும் ஏன் கெடுக்கிறாய்?” என்பார். எனக்கு ஒப்பவில்லை. பயப்பட வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் போதாதா? அடுத்ததை வயிற்றில் சுமந்தபடி மூத்ததற்கு மாஸ்க் பிடித்திருக்கும் தாயிடம் அந்த இரண்டைத்தான் சொல்கிறேன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம் வரை நாவில் வைக்கும் சேனை, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். மூத்ததற்கு ஸ்பேசர் என்ற குழாய்க்குடுவையில் இன்ஹேலர் கொடுக்கும் விதத்தைக் காட்டும்போது மாமியாரையும் பக்கத்தில் கூப்பிட்டு, அவர் கையாலேயே ஒரு முறை செய்யச் சொல்வேன். பகலெல்லாம் பிள்ளை இருப்பது அவரிடம்தானே.