மாதங்களோடு மாறும் மனம்

மூன்று ஆண்டுகளாக, தூங்கிய நேரத்தையும் அன்றைய மனநிலையையும் நாட்குறிப்பில் ஒரே வரியில் எழுதி வருகிறேன். பகல் குறுகும் மாதங்களில் அந்த வரி சுருங்கிக்கொண்டே போய், சில நாட்களில் "முடியவில்லை" என்ற ஒற்றைச் சொல்லாக நின்றுவிடுவதைப் பழைய பக்கங்களைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். அதுவரை அதைச் சோம்பல் என்றெண்ணி என்னையே கடிந்துகொண்டிருந்தேன். 1984-இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவரது சக ஆய்வாளர்களும் விவரித்த பருவகால மனச்சோர்வு அது என்று மருத்துவர் விளக்கியபோது பாதிப் பாரம் இறங்கியது.

காலை வெளிச்சம் உடலின் உட்கடிகாரத்தைச் சீராக்குவதால், எழுந்தவுடன் அரை மணி நேரம் வெளியே நடக்கிறேன். வெளிச்சம் மங்கிய நாட்களில், மருத்துவர் சொன்னபடி, 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளிதரும் விளக்கின் முன் அமர்கிறேன். (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறோ கண்நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.)

பதற்றம் பருவம் பார்ப்பதில்லை. நெஞ்சு படபடக்கும்போது, உள்ளிழுப்பதைவிட நீளமாக மூச்சை வெளிவிடுவது எனக்கு உதவுகிறது.

சோர்வும் ஆர்வமின்மையும் இரண்டு வாரங்களாக நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், அந்த நிமிடமே அருகிலிருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லி உதவி கேளுங்கள். நான் முதலில் சொன்னது என் அக்காவிடம். மருத்துவரிடம் நேரம் வாங்கித் தந்து, உடன் வந்து காத்திருந்ததும் அவள்தான்.