கிளட்சை மிதித்தால் நின்றுபோன சத்தம்

முதலில் பில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் கொஞ்சமாவது அடங்கும். கிளட்ச் செட் மாற்றியதற்கு 13,400 ரூபாய். அது தேவையே இல்லாத வேலை என்று தெரிந்த பிறகு, நிஜமான வேலைக்கு 8,900. அந்த நிஜ வேலையில் கெட்டுப்போயிருந்த பேரிங்கின் விலை 1,150.

கார் ஒன்பது வருஷப் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஐந்து கியர், 94,000 கிலோமீட்டர் ஓடியது. வீடு ஸ்ரீரங்கம், வேலை திருச்சி ஜங்ஷன் பக்கம், அதனால் தினமும் காவிரிப் பாலம். சாயங்காலம் அந்தப் பாலத்தில் எப்படி ஊர்ந்து போவோம் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேதான் ஒருநாள் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, நியூட்ரலில் நின்றுகொண்டிருந்தபோது கேட்டது. தள்ளி எங்கேயோ மாவு மில் ஓடுவதுபோல ஒரு ‘கொர்ர்ர்’. கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததால் காதில் விழுந்தது. வெட்டவெளி ரோட்டில் இன்னும் ஆறு மாதம் தெரியாமலே ஓட்டியிருப்பேன்.

கிளட்சை மிதித்தேன், நின்றது. காலை எடுத்தேன், வந்தது. மறுபடி மிதித்தேன், நின்றது. சரி, கிளட்ச் போச்சு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். 13,400 ரூபாய் போனது அந்த நிமிஷத்தில்தான்.

சர்வீஸ் சென்டருக்கு முதல் தடவை போனது சனிக்கிழமை மதியம். அரை நாள் லீவு. அட்வைசர் தம்பி வண்டியில் ஏறி முதல் வேலையாக ஏசியை முழு வேகத்தில் வைத்தார். வெயில், அவரையும் குறை சொல்ல முடியாது. ரேடியேட்டர் ஃபேன் ஒரு பக்கம் அலற, பக்கத்து வண்டியில் யாரோ ஏர் கன்னால் நட்டு கழற்ற, “ஒண்ணும் கேக்கலயே சார், பழைய வண்டி, நார்மல்தான்” என்றார். வண்டி கழுவிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் லாபம்.

இரண்டாவது தடவை போனில் “கிளட்சில் சத்தம் வருகிறது” என்று சொல்லி புக் செய்தேன். ஜாப் கார்டில் அப்படியே ‘கிளட்ச் நாய்ஸ்’ என்று ஏறியது. கிளட்ச் நாய்ஸ் என்று எழுதியிருக்கும் வண்டியில் கிளட்சை மாற்றுவார்கள், மாற்றினார்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதுசு. கியர்பாக்ஸை இறக்கினால் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை, அதில் குற்றமில்லை. பிளேட்டுக்காக ஒருமுறை, பேரிங்குக்காக ஒருமுறை என்று இறக்கினால் கூலிதான் இரட்டிக்கும். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கினேன். பிளேட்டில் பாதிக்கு மேல் கனம் அப்படியே இருந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பத்து நாள் சத்தமில்லை. பதினோராவது நாள் பாலத்தில் அதே மாவு மில்.

அந்த வாரம்தான் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டார். ஒன்பது என்றால்கூட ஃபெயில் மாதிரிதான் சார் என்றார். பத்து போட்டேன். இன்னும் அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

அலுவலக நண்பர் ஒருவர் பால்பண்ணை பக்கம் இருக்கும் ஒரு பட்டறையைச் சொன்னார். பட்டறைக்காரர் பாய், ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் “கிளட்ச் மாத்தியும் சத்தம் போகல பாய்” என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “கிளட்ச்னு நீங்க சொல்லாதீங்க தம்பி. எப்ப வருது, எப்ப நிக்குது, அத மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன். அவரே ஏறி உட்கார்ந்தார். ஏசி அணை, கண்ணாடி இறக்கு, ஃபேன் நிற்கும் வரை பொறு. நியூட்ரலில் சத்தம் இருந்தது. பெடலை முழுசாக மிதித்துப் பத்து எண்ணினார், அமைதி. பிறகு வெண்ணெய் எடுப்பதுபோல மெதுவாகக் காலைத் தூக்கினார். பாதி தூரத்தில் சத்தம் முனகிக்கொண்டே எழுந்தது. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபோது கூடவே ஏறியது. ஒரு நீட்டு ஸ்க்ரூடிரைவரின் முனையை கியர்பாக்ஸ் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். எனக்கும் கொடுத்தார். முன்னால் ஓர் இடத்தில் வைத்தால் கல்லை அரைப்பதுபோல, ஒரு சாண் தள்ளி வைத்தால் வெறும் என்ஜின் ஓசை.

“பெடல மிதிச்சா என்ஜினும் கியர்பாக்ஸும் தனித்தனி. உள்ள போற ஷாஃப்ட் நின்னுடும். நின்ன பேரிங் கத்துமா தம்பி?”

இவ்வளவுதான் விஷயம். மிதிக்கும்போது வேலை செய்வது ரிலீஸ் பேரிங், அது கெட்டால் மிதிக்கும்போது கீச்சிடும். மிதித்ததும் நிற்கிற சத்தம் பெரும்பாலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். நான் தலைகீழாகப் புரிந்துகொண்டேன், சர்வீஸ் சென்டர் அதற்கு பில் போட்டது. ஆனால் ஒன்று: நியூட்ரலில் லேசாக ‘கடகட’ என்று வந்து, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் மறைந்துபோனால் பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் கியர் பற்கள் சும்மா தட்டிக்கொள்ளும் சத்தம் அது. வேகத்தோடு கூடவே ஏறுகிற ‘கொர்ர்’தான் ஆபத்து.

கியர்பாக்ஸ் ஆயிலைத் திறந்துவிட்டார். சர்வீஸ் சென்டரில் புதிதாக ஊற்றிய ஆயில், 600 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அதற்குள் ஜிகினா கலந்ததுபோல மின்னியது. ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கின் காந்தத்தில் மைபோல பசை ஒட்டியிருப்பது சாதாரணம். எனக்கு அதில் கையில் குத்துகிற அளவுக்குச் சிலும்புகள். பத்து நாள் சத்தம் அடங்கியிருந்தது புது ஆயிலின் புண்ணியம், கிளட்சினால் இல்லை.

காரணமும் கிடைத்தது. கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இடது பக்க டிரைவ் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் கசிந்து அடியெல்லாம் புழுதி அப்பிக் கிடந்தது. போர்ட்டிகோவில் இரண்டு வருஷமாகச் சொட்டிய கறையை ஏசி தண்ணீர் என்று நினைத்து அதன்மேல் கோலமாவுக் கலர் மிதியடி போட்டு மறைத்திருந்தோம். தண்ணீர் காய்ந்தால் கறை எங்கிருந்து வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. மேனுவல் கியர்பாக்ஸில் பெரும்பாலும் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கிடையாது, அடியில் போய் லெவல் பிளக்கைக் கழற்றி, வழிகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். கிளட்சுக்காக இறக்கும் வரை என் வண்டியில் அதை யாரும் கழற்றிப் பார்த்ததில்லை. கிளட்சுக்காக இறக்கியபோது பழைய ஆயில் எவ்வளவு வந்தது என்று பிறகு போன் செய்து கேட்டேன். “நோட் பண்ணல சார்.” இரண்டு லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு இருந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம்.

கியர்பாக்ஸ் இரண்டாம் முறை இறங்கியது. பேரிங் வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது. அங்கேயும் ஒரு வீண் அலைச்சல். கடைக்காரர் எண்ணைப் பார்த்துக் கொடுத்தார், நான் எண்ணைச் சரிபார்த்து வாங்கினேன். பாய் கையில் வாங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழையதில் எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தது, புதியதில் இல்லை. உள்ளே குண்டுகளுக்கு இருக்கும் இடைவெளி சாதாரணத்தைவிட அதிகம் என்பதற்கான குறி அது. சூட்டில் விரியும்போது இறுகிவிடாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டுமாம். மறுபடி டவுனுக்கு பஸ். பேரிங் வாங்கப் போகிறவர்கள் எண்ணை மனப்பாடம் செய்யாமல் பழையதையே துணியில் சுற்றி எடுத்துப் போங்கள்.

இரண்டு பக்க சீலும் மாற்றினார். ஆயில் விஷயத்தில் பாய் கறார். வண்டியோடு வந்த கையேட்டில் ஜிஎல்-4 என்று கியர் ஆயிலின் தரம் போட்டிருந்தது, அதையேதான் ஊற்றினார், ‘அஞ்சுதான் நாலை விட உசத்தி’ என்று கடையில் சொன்னதைக் கேட்கவில்லை. சில ஜிஎல்-5 ஆயில்கள், கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளையைத் தின்னும் என்றார். மீதி வேலையெல்லாம் மூன்று மணி நேரத்தில் முடிந்தது.

காத்திருந்த நேரத்தில் பாயிடம் வேறு சத்தங்களையும் கேட்டுவைத்தேன். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக் டக்’ என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். வண்டி வேகத்தோடு ஏறி, நியூட்ரலில் உருளும்போதும் நிற்காத ‘ஊஊ’ என்றால் சக்கர பேரிங்கைப் பார்க்க வேண்டும், கியர்பாக்ஸை இல்லை. ரிவர்ஸ் போடும்போது மட்டும் ‘கரக்’ என்றால் மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போட்டாலே பாதி வண்டிகளில் சரியாகிவிடும், ஏனென்றால் பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது.

பழைய பேரிங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விரலில் மாட்டிச் சுற்றினால் மணலில் உருள்வதுபோல நெரநெரவென்றது.

போன வாரம் வேறொரு சத்தம், அடியில் மெலிசாக ‘கிண்கிண்’. இந்த முறை பாயிடம் வாயைத் திறக்கவில்லை. ஒரு சீட்டில் எழுதி நீட்டினேன்: ‘என்ஜின் 1,500 சுற்றில் மட்டும். நின்றாலும் ஓடினாலும் உண்டு. கிளட்ச் மிதித்தாலும் மாறுவதில்லை.’ படித்துவிட்டுச் சிரித்தார். குனிந்துகூடப் பார்க்காமல் டப்பாவிலிருந்து ஒரு ஹோஸ் கிளாம்பை எடுத்துக்கொண்டு சைலன்ஸர் பக்கம் போனார். தகடு லூஸாம். முப்பது ரூபாய்.