மகளை இஸ்ரோவின் யுவிகா வகுப்புக்கு அனுப்பிய அனுபவம்

எங்கள் பக்கத்தில் யாராவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கோடை விடுமுறையில் உருப்படியாக எதிலாவது சேர்க்க நினைத்தால், இப்போதெல்லாம் என்னிடம்தான் அனுப்பி வைக்கிறார்கள். 2024 மே மாதம் என் மகள் திருவனந்தபுரத்தில் இஸ்ரோ நடத்திய யுவிகா வகுப்புக்குப் போய் வந்ததுதான் காரணம். கேட்கிறவர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பித் தொண்டை வற்றிவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன், வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

யுவிகா என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கான இளம் விஞ்ஞானி திட்டம். 2019இல் மாநிலத்துக்கு மூன்று பேர் என்று தொடங்கினார்கள். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். மே மாதத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம், இஸ்ரோ மையம் ஒன்றில் தங்கிப் படிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, பாடப் பொருட்கள் எல்லாம் அவர்கள் செலவு. ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும்தான். அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று பிள்ளை ஒன்பதில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்காக யாரும் என்னிடம் வர வேண்டாம், வழியே இல்லை.

எங்கள் வீடு பணகுடி. மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனை செய்கிற இஸ்ரோ வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் ராக்கெட் என்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வளாகத்துக்குள் யார் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. 2023இல் சந்திரயான்-3 இறங்கிய பிறகும், ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்தவர் என்று தெரிந்த பிறகும் என் மகள் விண்வெளிச் செய்தி எது வந்தாலும் வெட்டி நோட்டில் ஒட்ட ஆரம்பித்தாள். 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்று முழுக்க டிவியில் அதே பேச்சு. மறுநாள் அறிவியல் டீச்சர் வகுப்பில் யுவிகா பற்றிச் சொல்லியிருக்கிறார். விண்ணப்பம் பிப்ரவரி 20ஆம் தேதியே திறந்துவிட்டது, மார்ச் 20 வரைதான் நேரம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பலரும் இதை ஒரு நுழைவுத் தேர்வு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மதிப்பெண் கணக்கு அறிவிப்பிலேயே இருக்கிறது, யாரும் அதைப் பொறுமையாகப் படிப்பதில்லை. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம். ஊராட்சிப் பகுதியில் உள்ள கிராமப்புறப் பள்ளியில் படித்தால் 15. அறிவியல் கண்காட்சியில் கலந்துகொண்டதற்குப் பள்ளி அளவில் 2, மாவட்டம் 5, மாநிலம் அல்லது அதற்கு மேல் என்றால் 10. ஒலிம்பியாட் அல்லது அதற்கு இணையான போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால், பள்ளி, மாவட்டம், மாநிலம் என்ற அதே வரிசையில் 2, 4, 5 என்று போகும். விளையாட்டுக்கும் அதே கணக்கு. சாரணர், என்.சி.சி., என்.எஸ்.எஸ். இருந்தால் 5. இணையத்தில் எழுதுகிற வினாடிவினாவுக்கு வெறும் 10. நான் சொல்வது 2024 கணக்கு. உங்கள் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டிப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு, பிள்ளை ஏற்கெனவே செய்து முடித்த காரியங்களுக்குத்தான். அந்தப் பத்துக்காக ‘யுவிகா சிறப்புப் பயிற்சி’ என்று மூவாயிரம் ரூபாய் கேட்டு எனக்குப் போன் செய்தார்கள். “சேராட்டா சான்ஸே இல்ல மேடம்” என்று வேறு பயமுறுத்தல். எட்டாம் வகுப்பு மார்க்கை நீங்கள் கூட்டித் தருவீர்களா என்று கேட்டேன். பதிலைக் காணோம். வினாடிவினாவுக்கு இஸ்ரோ தளத்தில் இருப்பதைப் படித்ததும், அவள் ஒட்டி வைத்திருந்த நோட்டுமே போதுமாக இருந்தது.

இதில் கிராமத்துப் பிள்ளைக்குப் பெரிய பலம் அந்த 15. அதில்தான் எங்களுக்கு ஒரு சந்தேகமும் வந்தது. பணகுடி பேரூராட்சி. தமிழ்நாட்டில் பேரூராட்சி என்பது நகர்ப்புற உள்ளாட்சிக் கணக்கில் வருகிறது. ஆனால் மகள் படித்த உயர்நிலைப் பள்ளி பக்கத்துக் கிராம ஊராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது. விதி பேசுவது பள்ளி இருக்கிற இடத்தைப் பற்றி, வீடு இருக்கிற இடத்தைப் பற்றி இல்லை. தலைமையாசிரியை இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். “வெறும் என் கையெழுத்து மட்டும் எதுக்கு, ஊராட்சி செயலர்கிட்டயும் ஒரு கடிதம் வாங்கிக்குவோம்மா” என்றார். ஊராட்சி எல்லைக்குள் பள்ளி இருப்பதாக லெட்டர்பேடில் நாலு வரி, முத்திரையோடு. அன்றே கிடைத்தது.

சான்றிதழ் விஷயத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு குறை உண்டு. கலந்துகொள்வார்கள், காகிதம் இருக்காது. பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடக்கும், மாதிரி செய்து வைப்பார்கள், பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். டிபன் பாக்ஸை ஸ்கேன் செய்து ஏற்ற முடியுமா? நல்ல வேளையாக என் மகள் எட்டாம் வகுப்பில் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் தோழிகளோடு ஒரு ஆய்வு செய்திருந்தாள், ஊர்க் கிணறுகளில் தண்ணீர் உப்பாவது பற்றி. தமிழ்நாட்டில் இதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கிறது. அவர்கள் தவறாமல் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். மாவட்ட அளவு என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. விளையாட்டில் ஒன்றுமில்லை. ஜே.ஆர்.சி.யில் (ஜூனியர் ரெட் கிராஸ்) இருந்தாள், ஆனால் பட்டியலில் ஜே.ஆர்.சி. கிடையாது.

விண்ணப்பம் போடுவதற்கு முதலில் இஸ்ரோவின் அந்தரிக்ஷ ஜிக்யாசா தளத்தில் பதிவு செய்ய வேண்டும். மின்னஞ்சல் கட்டாயம். அதில் வருகிற இணைப்பைச் சொடுக்கி உறுதி செய்தால்தான் உள்ளே விடும். அடுத்தது வினாடிவினா. அதை முடித்ததும் உடனே படிவம் திறக்காது, குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடுத்த கட்டம். இது தெரியாமல் மகளின் வகுப்புத் தோழி வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு அழுகை. வினாடிவினாவே பதிவாகவில்லை என்று நினைத்துவிட்டார்கள். காலையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது.

படிவத்தோடு ஒரு மாணவர் சரிபார்ப்புச் சான்றிதழும் இருக்கிறது. அதை அச்செடுத்து, நிரப்பி, தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஏற்ற வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் இதுதான் நெருக்கடி. மார்ச் மாதம் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று தெரியுமே. அந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 26 தொடக்கம். போதாக்குறைக்கு ஏப்ரல் 19 அன்று தேர்தல். ஆசிரியர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் டீச்சரிடம் நான் முன்கூட்டியே பென்சிலால் நிரப்பிக் கொண்டுபோன நகலைக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சதவீதமாகக் கணக்கிட்டு, பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, அசலில் அவரே எழுதினார். பெயரும் கவனம். ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் முன்னால், மாநாட்டுச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே மாணவிதான் என்று தலைமையாசிரியை தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். அதை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் கையில் வைத்திருந்தோம்.

மார்ச் கடைசியில் முதல் பட்டியல் வந்தது. பெயர் இருந்தது. அது தற்காலிகத் தேர்வு என்று சொல்லியே போடுகிறார்கள். மையத்துக்குப் போய் அசல் சான்றிதழ்களைக் காட்டி, தளத்தில் ஏற்றிய நகலும் அசலும் பொருந்தினால்தான் உறுதி. பொய்யாக ஏதாவது போட்டிருந்தால் அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இடம் காலியானால் இரண்டாம் பட்டியலும் உண்டு, முதலில் பெயர் வராதவர்கள் தளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வகுப்பு மே 13 தொடக்கம், முந்தைய நாளே போய்ச் சேரச் சொன்னார்கள். எங்களுக்கு வள்ளியூரில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து, “பொம்பளப் பிள்ளைய ரெண்டு வாரம் தனியாவா விடப்போற?” என்றார்கள். என் மாமியார்தான் அவர்கள் வாயை அடைத்தார். “கட்டிக் குடுக்கும்போது மட்டும் எங்க அனுப்புறோம்னு பாத்தா குடுக்குறோம்?” என்று ஒரே கேள்வி.

பயணச் செலவு திரும்பக் கிடைக்கும். மாணவிக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு ஏ.சி. ரயில் கட்டணம் வரை அல்லது ஏ.சி. பேருந்துக் கட்டணம் வரை. ஆனால் அசல் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். ரயிலை விட்டு இறங்கியதும் டிக்கெட்டைக் கசக்கிப் போடுகிற பழக்கம் உள்ளவர்கள் அதை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

உள்ளே நடந்ததெல்லாம் மகள் சொல்லிக் கேட்டதுதான். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குள் செல்போன் கிடையாது. தங்குமிடத்திலிருந்து சாயங்காலம் பேசுவாள். முதல் இரண்டு நாள் குரலே சரியில்லை. வகுப்பெல்லாம் ஆங்கிலம், இவள் தமிழ்வழி. பக்கத்து இருக்கைப் பிள்ளைகள் கைதூக்கிக் கேள்வி கேட்கிறார்களாம், இவளுக்குக் கேள்வி மனதில் இருந்தும் வாயில் வரவில்லையாம். நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. “ஏட்டி, தமிழ்ல கேளு, பக்கத்துல யாராவது நாரோயில்காரன் இருப்பான்” என்றேன். உண்மையிலேயே அடுத்த நாள் பாடம் எடுத்த விஞ்ஞானிகளில் ஒருவர் நாகர்கோவில்காரர். வகுப்பு முடிந்ததும் இவளை நிறுத்தித் தமிழிலேயே விளக்கினாராம். அதற்குப் பிறகு போனில் நான் பேச இடமே இல்லை, அவளே பேசினாள்.

மாதிரி ராக்கெட் செய்து விட்டிருக்கிறார்கள். குளிர்பானக் கேன் அளவில் செயற்கைக்கோள் மாதிரி ஒன்று, அதற்குள் வெப்பநிலையும் காற்றழுத்தமும் அளக்கிற உணரிகள். சாலிடரிங் அயர்ன் பிடித்து இணைத்ததைத்தான் அவள் அதிகம் பேசினாள். தும்பாவில் அந்தப் பழைய மேரி மக்தலேனா தேவாலயத்தைப் பார்த்திருக்கிறார்கள், இப்போது அது விண்வெளி அருங்காட்சியகம். 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட்டைத் தும்பாவிலிருந்துதான் ஏவினார்கள். பூமியின் காந்த நடுக்கோடு (காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கிற கோடு) அந்தக் கடற்கரையை ஒட்டிப் போவதால்தான் அந்த மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குப் பாடமே எடுத்தாள். இத்தனை வருடம் பக்கத்து மாவட்டத்தைத் தாண்டி இருக்கிற ஊர், எனக்கு அன்றுதான் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு புகார். சிவப்பரிசிச் சோறு இறங்கவில்லையாம். வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடியை அசாம் பிள்ளை ஒருத்தி காலி செய்துவிட்டாள்.

பத்தாம் வகுப்புப் படிப்பு கெடுமே என்று பயந்தவர்களுக்கு: கெடவில்லை. அதே சமயம் இந்தச் சான்றிதழால் எந்தக் கல்லூரியிலும் தனி இடஒதுக்கீடு கிடைக்காது. அந்தக் கணக்கோடு வருகிறவர்கள் பேசாமல் விடுமுறையில் பிள்ளையைத் தாத்தா வீட்டுக்கு அனுப்பலாம்.

போன வாரம் காவல்கிணற்றிலிருந்து ஒரு அண்ணாச்சி மகனோடு வந்தார். பையன் இப்போதுதான் எட்டு. வரட்டும், அதுதான் சரியான நேரம். கண்காட்சி, போட்டிச் சான்றிதழ்களில் கடைசி மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால், ஒன்பதுக்கு வந்த பிறகு தேடினால் ஒன்றும் கிடைக்காது. பையில் இருந்ததை எடுத்துக் காட்டினார். ஏழாம் வகுப்பில் மாவட்டக் கண்காட்சிக்குப் போனதற்கான சான்றிதழ், பெயர் அழகாக எழுதியிருந்தது, கையெழுத்து இருந்தது, முத்திரையையும் தேதியையும் காணோம். “பள்ளிக்கூடம் சாயங்காலம் நாலு மணி வரை இருக்கும் அண்ணாச்சி, இப்பவே போனா வாங்கிரலாம்” என்று காபி கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.