உளுந்தை ஊற வைப்பது யார்?

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு கம்பெனியில் பல வருடம் விளம்பரத் திட்டம் போடும் வேலையில் இருந்தேன். கோவை வெட் கிரைண்டருக்கு 2005-06இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் கிரைண்டர் கம்பெனி. அதனால் கல்லின் பெருமையைப் பேசி விற்கலாம் என்று பார்த்தால் பக்கத்து கம்பெனிக்காரரும் அதே கல்லின் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருப்பார்.

நான் முதலில் போட்ட பெரிய திட்டம் ஒரு எக்செல் தாள். பேப்பர், எஃப்.எம்., லோக்கல் கேபிளில் ஓடும் எழுத்து, பஸ்ஸின் பின்பக்கம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அதில் ஒரு கட்டம், ஈரோட்டில் ஒரு டீலர் கடையில் சனிக்கிழமை காலை 11 மணிக்கு நேரடி டெமோ. மூன்று நாள் எஃப்.எம்.மில் சொன்னோம், கேபிளில் ஓட்டினோம், கூட்டமும் வந்தது. டெமோ காட்டும் பெண் கிரைண்டரைத் துடைத்து வைத்துவிட்டு உளுந்து கேட்டால், கடைப்பையன் பக்கத்து மளிகையிலிருந்து ஒரு கிலோ பாக்கெட்டை அப்படியே கொண்டு வந்து நீட்டுகிறான். காய்ந்த உளுந்து. அரிசியும் அதே லட்சணம்தான்.

டீலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏனுங்க தம்பி, பதினோரு மணிக்கு மாவாட்டறோம்னு ரேடியோவுல ஊருக்கே சொன்னீங்க. காலைல ஏழு மணிக்கு அரிசி ஊறப் போடுங்கன்னு எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

கடைசியில் அவர் வீட்டில் சாயங்காலம் ஆட்டுவதற்காக ஊற வைத்திருந்த உளுந்து டிவிஎஸ் 50இல் வந்து மானத்தைக் காப்பாற்றியது. அதற்குள் பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. மீதி இருந்தவர்களில் இரண்டு பேர் வாங்கினார்கள், அதுவும் உளுந்து மாவு பொங்கி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு. அன்று ராத்திரி அந்தக் கலர் தாளைத் திறந்து பார்த்தேன். எந்த மீடியாவில் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கட்டம் இருந்தது, கடையில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அப்புறம்தான் திட்டத்தைக் கல்லாவிலிருந்து பின்னோக்கிப் போடப் பழகினேன். கிரைண்டருக்கு இது ரொம்பவே பொருந்தும். ஆடியில் கல்யாணம் கிடையாது, வாங்குகிறவர்களும் தயங்குவார்கள், அதனால் கடைக்காரர்கள் தள்ளுபடி போடுகிறார்கள். ஆவணி முகூர்த்தம் வந்தால் சீர்வரிசைக்கு கிரைண்டர் போகும். ஆக, ஆடி முதல் வாரம் பேப்பரில் விளம்பரம் வர வேண்டுமென்றால் ஆனியிலேயே டீலர் குடோனில் சரக்கு இறங்கியிருக்க வேண்டும். டீலர் சரக்கு எடுக்க வேண்டுமானால் என்ன விளம்பரம், எந்த எடிஷன், அவர் கடைப் பெயர் அடியில் வருமா வராதா என்பதெல்லாம் அதற்கும் முன்பே அவருக்குத் தெரிய வேண்டும். அந்தக் கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். ஆனால் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும் கடைப் பட்டியலில் பெயர் விட்டுப்போன டீலர் அந்த சீசன் முழுக்க வேறு கம்பெனி கிரைண்டரைத்தான் முன்னால் எடுத்து வைப்பார். கேரளாவுக்கு இதே தாளை அனுப்பினால் வேலைக்காகாது. நம் ஆடி அவர்களுக்குக் கர்க்கடகம், பணம் கையிலிருந்து இறங்குவது ஓணத்துக்கு.

விலையை விளம்பரத்தில் போடலாமா என்பதில் எனக்கும் சேல்ஸ் ஆட்களுக்கும் தீராத சண்டை. விலை போட்டால்தான் கூட்டம் வரும் என்பது அவர்கள் கட்சி. 2022இல் அதற்கு ஒரு முடிவு வந்தது. ஜூன் 29 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் வெட் கிரைண்டருக்கான வரியை 5 சதவீதத்திலிருந்து 18க்கு ஏற்றியது, ஜூலை 18 முதல் அமல். ஆடி 1 அந்த வருடம் ஜூலை 17. எங்கள் ஆடி போஸ்டர் விலையோடு அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கிடந்தது. வரிக்கு முன் 5,000 ரூபாய் உள்ள கிரைண்டர் 5,250க்குப் போய்க்கொண்டிருந்தது, இனி 5,900. அதாவது 650 ரூபாய் ஏறுகிறது, நாங்கள் சொன்ன 10 சதவீதத் தள்ளுபடியை அது மொத்தமாக விழுங்கிவிடும். போஸ்டரில் உள்ள விலைக்கே விற்றால் டீலரின் லாபம் போகும், ஏற்றி விற்றால் போஸ்டரைக் காட்டி வாடிக்கையாளர் சண்டை போடுவார்.

போஸ்டரை எடைக்குப் போட்டோம். பேப்பர் விளம்பரத்தில் விலையை எடுத்துவிட்டு, 'பழைய வரியில் வாங்க ஜூலை 17 வரை' என்று எஃப்.எம்.முக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஒரே வாசகம் கொடுத்தோம். இந்த இரண்டையும் ஒரே நாளில் மாற்ற முடிந்தது, பஸ்ஸின் பின்பக்கத்தை முடியவில்லை. அதிலும் பழைய விலைதான் இருந்தது, அது ஆவணி வரை ஊர் சுற்றியது. பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வேன். அன்றிலிருந்து மெதுவாக மாறும் மீடியாவில் பெயர் மட்டும், வேகமாக மாறும் மீடியாவில் மட்டுமே விலை.

ஆன்லைன் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. யூடியூப் விளம்பரத்தைத் தட்டினால் ஆன்லைன் கடைக்குப் போகும்படி வைத்திருந்தோம், அங்கே கடை விலையைவிட நானூறு ரூபாய் குறைவு. கடையில் நின்றுகொண்டே போனைக் காட்டி, "இதே பொருள்தானே அண்ணா?" என்று கேட்கிறார்கள் என்று கரூர் டீலர் ஒருவர் போன் செய்தார். திட்டவில்லை, சும்மா சொன்னார். திட்டியிருக்கலாம். அதன் பிறகு ஆன்லைனுக்கு வேறு மாடல், வேறு நிறம் என்று பிரித்தோம். அது சரியான தீர்வு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை, ஒட்டுப்போட்டதுதான்.

அந்த கம்பெனியை விட்டு வரும்போது என் எக்செல் தாளைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்தேன். ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசிக் கட்டத்தில் நின்றார். "சார், இதுல 'உளுந்து யார்?'னு இருக்கு. தப்பா டைப் ஆயிடுச்சா?"