செம்பனை ரேம்புக்கு சிஸ்டம் தேடுன அனுபவம்

எங்க மாமா மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தையில செம்பனைக் குலை (பாமாயில் எடுக்குற பழக் குலை) வாங்குற ரேம்ப் வச்சிருக்காரு (2007ல ஊர் பேர பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க, எங்க வாயில இன்னும் பழைய பேருதான் வருது). மூணு ஏக்கர் அஞ்சு ஏக்கர்னு சின்னதா தோட்டம் வச்சிருக்குறவங்க லோரியில குலை கொண்டு வருவாங்க, நாங்க நிறுத்துக் காசு கொடுத்து, மொத்தமா சேத்து மில்லுக்கு அனுப்புவோம். டிக்கெட்டு, கணக்கு, காசு எல்லாம் நான்தான் பாக்குறேன்.

எஸ்டேட்ல கிராணியா (கிளார்க்கா) இருந்து ரிட்டையர் ஆன ஒரு ஐயா 1996ல டாஸ் ஃபாக்ஸ்புரோ 2.6ல (விண்டோஸுக்கு முந்தின டாஸ்ல ஓடுற டேட்டாபேஸ்) எழுதிக் குடுத்த புரோகிராம்தான் எங்கள இத்தன வருசம் காப்பாத்துச்சு. கறுப்பு ஸ்கிரீன், மவுஸே வேணாம், லோரி நம்பர் எண்டர், எடை எண்டர், டிக்கெட் வந்துரும். அந்த பழைய கம்ப்யூட்டர் செத்தப்பதான் பிரச்சன வந்துச்சு, புதுசு வாங்குனா எல்லாமே 64-பிட் விண்டோஸ், அதுல பழைய டாஸ் புரோகிராம் ஓடாது. டாஸ்பாக்ஸ் (புது கம்ப்யூட்டர்ல பழைய டாஸ் மாதிரி நடிக்கிற புரோகிராம்) போட்டு ஓட்டிப் பாத்தேன், ஸ்கிரீன் வந்துச்சு, ஆனா பிரிண்டர் ஒழுங்கா வரல. ஒன்னு மட்டும் அப்பவே மனசுல பதிஞ்சுருச்சு. புரோகிராம் ஓடலன்னாலும் ஃபாக்ஸ்புரோ டேட்டா வச்சிருந்த டிபிஎஃப் ஃபைல எக்செல்லு நேரா திறந்துச்சு, ஐயா போட்ட முத டிக்கெட்டுல இருந்து எல்லாம் அப்படியே இருந்துச்சு. அதனால அடுத்து எந்த சிஸ்டம் எடுத்தாலும் அது செத்த பிறகு டேட்டா வெளிய வருமான்னு முதல்ல கேட்டுரணும்னு முடிவு பண்ணிட்டேன்.

சரி அதுவரைக்கும் எக்செல்லயே ஓட்டுவோம்னு ரெண்டு மாசம் ஓட்டுனேன். ஐசி (அடையாள அட்டை) நம்பர் பிறந்த வருசத்துலதான தொடங்கும், 2000க்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்க அப்பா பேருக்கு பதிலா வந்து காசு வாங்குவாங்க, அவங்க நம்பரு 01, 02ன்னு ஆரம்பிக்கும், எக்செல்லு அத ஒரு எண்ணுன்னு நெனச்சு முன்னாடி இருக்குற பூஜ்யத்த தின்னுரும், 12 இலக்கம் 11 ஆயிரும். அந்த நெட்டு வரிசய (column) டெக்ஸ்ட்னு மாத்தி வச்சா சரியாயிரும், ஆனா வேற யாராச்சும் புது ஷீட் திறந்து ஒட்டுனா திரும்பவும் அதேதான். வெலையும் அப்படித்தான், இன்னிக்கு வெலய மேலயே மாத்தி எழுதிட்டோம்னா போன வார டிக்கெட்டும் சேந்து மாறிரும். வெலைக்குன்னு தனி டேபிள், எந்த தேதியில இருந்து இந்த வெலன்னு ஒரு நெட்டு வரிசை, அது இல்லாம இந்த தொழிலுக்கு சிஸ்டமே கிடையாது, என்னோட உறுதியான கருத்து இது.

கோலாலம்பூர்ல இருந்து ஒரு கம்பெனிக்காரங்க வந்து அழகா டெமோ காட்டுனாங்க, ஆளுக்கு மாசம் இத்தன வெள்ளின்னு (ரிங்கிட்) கட்டணம். மாமாவுக்கு ரொம்ப புடிச்சு போச்சு. நான் ரெண்டே கேள்விதான் கேட்டேன், லைன் போச்சுன்னா லோரிய எப்படி நிறுக்குறது, நாங்க நிறுத்திக்கிட்டா எங்க டேட்டா எந்த ஃபைலா எங்க கைக்கு வரும்னு. முதல் கேள்விக்கு சிரிச்சாங்க, ரெண்டாவதுக்கு ரிப்போர்ட் பிடிஎஃப்பா எடுத்துக்கலாம்னாங்க. பிடிஎஃப்ப வச்சு நான் என்ன பண்றது லா. "வேணாம் மாமா"ன்னு சொல்லிட்டேன்.

அதுக்கப்புறம் பேப்பர்ல ஒரே ஒரு டிக்கெட் எழுதி சுவத்துல ஒட்டுனேன். லோரி உள்ள வர்ற எடை, காலியா போற எடை, பழுக்காத குலைக்குக் கழிவு, அன்னிக்கு வெல, மொத்தம், அத கேஷுக்கு 5 சென்னுக்கு ரவுண்டு பண்றது (2008 ஏப்ரல்ல இருந்து 1 சென் இல்லாம அப்படித்தானே), பிரிண்டு. எந்த பிளாட்ஃபார்ம்னாலும் இந்த ஒரு டிக்கெட்ட அதுல செஞ்சு பாத்துட்டுதான் பேசுவேன்.

மைக்ரோசாஃப்ட் அக்சஸ்ல (டேட்டாபேஸ் புரோகிராம்) ரெண்டு நாள்லயே டிக்கெட் வந்துருச்சு, ஃபார்மும் ரிப்போர்ட்டும் அதுல செய்யுற மாதிரி சுலபம் வேற எதுலயும் நான் பாக்கல. ஆனா அதோட டேட்டா ஃபைல 2 ஜிபிக்கு மேல வளர விடாது, அதவிட முக்கியம், அந்த ஃபைல பொதுவுல வச்சு வைஃபையில திறக்கவே கூடாது. நான் கேபிள் இழுக்க சோம்பப்பட்டு வைஃபையில போட்டேன், ஒரு மழை நாள் எழுதிக்கிட்டு இருக்கும்போதே லைன் அறுந்து ஃபைல் கெட்டுப்போச்சு, அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் போட்ட டிக்கெட்ட கார்பன் காப்பிய பாத்து திரும்ப அடிச்சேன்.

பைத்தான் மொழியில ஜாங்கோங்குற வெப் கருவிய போட்டு பிரவுசர்லயும் செஞ்சு பாத்தேன், மாமா ஃபோன்ல பாக்கலாம், அது நல்லாருக்கு. ஆனா வேபிரிட்ஜ் (லோரி நிறுக்குற மேடை) இண்டிகேட்டர்ல இருந்து எடை ஆர்எஸ்-232ங்குற பழைய சீரியல் கேபிள்ல வருது, அத பிரவுசர்ல படிக்கணும்னா தனி ஏற்பாடு வேணும், அதோட நான் கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிட்டா இந்த டவுன்ல அந்த கோட யாரு தொடுவா?

கடைசியில டேட்டாவையும் ஸ்கிரீனையும் பிரிச்சேன். டேட்டா போஸ்ட்கிரெஸ்ல (இலவச டேட்டாபேஸ்), ஆஃபீஸ்லயே ஒரு கம்ப்யூட்டர்ல. ஸ்கிரீன் அக்சஸ்ல, ஓடிபிசிங்குற இணைப்பு டிரைவர் மூலமா இணைச்சது. மத்த கம்ப்யூட்டர்ல அக்சஸ் ரன்டைம் (செஞ்சு வச்சத ஓட்ட மட்டும் விடுற பதிப்பு) போட்டா போதும், அதுக்கு காசு இல்ல. எடைய மட்டும் பைத்தான்ல பைசீரியல் (சீரியல் கேபிள்ல வர்றத படிக்கிற லைப்ரரி) வச்சு எழுதுன ஒரு சின்ன புரோகிராம் படிச்சு டேபிள்ல போடும். இதே வழியில போறவங்க ரெண்டு விசயம் கவனிங்க. டேபிளுக்கு பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனியா அடையாளம் காட்டுறது) இல்லன்னா அக்சஸ் அத பாக்க மட்டும்தான் விடும், திருத்த விடாது, எனக்கு ஒரு முழு நாள் போச்சு. அடுத்து ஆமா-இல்லன்னு மட்டும் போடுற நெட்டு வரிசை, அக்சஸ்ல ஆமான்னா -1, போஸ்ட்கிரெஸ்ல அப்படி இல்ல, டிரைவர் செட்டிங்ல மாத்தலன்னா தேடுறது எதுவும் கிடைக்காது. காசுக்கு நியூமெரிக் (தசமத்த அப்படியே வைக்கிற வகை) போடுங்க, ஃப்ளோட் (தோராயமா வைக்கிற வகை) வேணவே வேணாம், சென் கணக்கு இடிக்கும்.

முடிச்சதும் கிராணி ஐயாவ கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன். அவரு மவுஸ தள்ளி வச்சிட்டு எண்டர் அடிச்சாரு, அடுத்த பெட்டிக்குப் போகல. "நிறுக்குறவன் ஒரு கைய லோரிக்காரன் சீட்டுல வச்சிருப்பாம்மா, இன்னொரு கைதான் இருக்கு"ன்னாரு. அன்னிக்கு சாயங்காலமே எல்லா பெட்டியும் எண்டர்ல நகர்ற மாதிரி மாத்துனேன். அடுத்த வாரம் ராத்திரி எடுத்த பேக்கப்ப என் பழைய லேப்டாப்புல அவரு முன்னாடியே திரும்ப ஏத்திக் காட்டுனேன், 1996 டிக்கெட்டையும் சேத்து. தன்னோட முத டிக்கெட் எதுன்னு அவரே லோரி நம்பர் சொல்லித் தேடி எடுத்தாரு.