‘பிரதர்’ என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்: முதல்முறை அமெரிக்கா இறங்கும் மாணவர்களுக்கு

எனக்கு விசா நேர்காணல் இரண்டே நிமிடத்தில் முடிந்தது. அந்தத் தெம்பில், இறங்கியதும் குடிவரவு அதிகாரி முன்னால் நிற்க வேண்டுமே என்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. விசாதான் பாஸ்போர்ட்டில் ஒட்டியாகிவிட்டதே, இனி முத்திரை குத்துவது மட்டும்தானே என்று இருந்துவிட்டேன். 2022 ஆகஸ்ட். முந்தைய இரவு முழுக்கத் தூக்கமில்லை. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு என் முறை வந்தது.

எங்கே படிக்கப் போகிறீர்கள், என்ன படிப்பு, யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேட்டார். மூன்றுக்கும் பதில் கையிலேயே இருந்தது. அடுத்து, “இங்கிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்கா?” என்றார்.

“இல்லை. நியூ ஜெர்சியில் என் பிரதர் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு, அப்புறம் டெக்சாஸ் போவேன்.”

“பத்து நாள் என்ன செய்வீர்கள்?”

“ஐ வில் ஹெல்ப் மை பிரதர்.”

“எதில்?”

“ஷிஃப்டிங் வொர்க்.”

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொல்ல வந்தது என்னவென்றால், அண்ணன் அந்த வாரம் வீடு மாற்றுகிறார், சோபா தூக்க ஒரு ஆள் வேண்டும். நமக்கு வீடு மாற்றுவது ‘ஷிஃப்டிங்’. அவர்களுக்கு அது ‘மூவிங்’. ‘ஷிஃப்ட் வொர்க்’ என்றால் அவர்கள் காதில் விழுவது பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று முறை வைத்துப் பார்க்கும் வேலை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவன், பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் வேறொரு மாநிலத்தில் அண்ணனோடு பத்து நாள் ஷிஃப்ட் வேலை பார்க்கப் போவதாக என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். எஃப்-1 மாணவர் வளாகத்துக்குள்தான், அதுவும் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். வெளி வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். பாஸ்போர்ட்டை ஒரு உறைக்குள் போட்டு, “அவரோடு போங்கள்” என்று இன்னொரு அதிகாரியைக் காட்டினார்.

இங்கே கதையை நிறுத்தி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். விசா கொடுப்பது வெளியுறவுத் துறையின் தூதரக அதிகாரி. இறங்கிய இடத்தில் உள்ளே விடலாமா என்று முடிவெடுப்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வரும் எல்லை அதிகாரி. துறையே வேறு. தூதரகத்தில் தேறியதை வைத்து இங்கே யாரும் விட்டுவிட மாட்டார்கள். சில ஊர்களில் இந்தச் சோதனை விமானம் ஏறும் முன்பே நடந்துவிடும். அபுதாபி, டப்ளின் வழியாகப் போகிறவர்கள் அங்கேயே அமெரிக்க அதிகாரியைச் சந்திப்பார்கள். அப்படி வழி போட்டிருந்தால் இரண்டு விமானங்களுக்கும் நடுவே நேரம் தாராளமாக இருக்கட்டும்.

பொறியியல் படித்தவர்களுக்கு வைவா என்ற வாய்மொழித் தேர்வு எப்படி நடக்கும் என்று தெரியும். வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல், நம் ஆய்வக ரெக்கார்ட் நோட்டைப் புரட்டிக்கொண்டே, அதில் நாமே எழுதியதிலிருந்துதான் கேள்வி கேட்பார். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியவன் அங்கேதான் திணறுவான். இதுவும் அப்படித்தான். உங்கள் ரெக்கார்ட் நோட்டு என்பது விசாவுக்கு நிரப்பிய டிஎஸ்-160 படிவமும் பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவமும். அதிலுள்ளதும் உங்கள் வாயிலிருந்து வருவதும் ஒன்றா என்றுதான் அவர் பார்க்கிறார். டிஎஸ்-160ஐ ஏஜென்ட் நிரப்பிக் கொடுத்திருந்தால் நகலைக் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு முந்தைய நாள் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். நான் படிக்கவில்லை. அதன் பலன் அடுத்த அறையில் தெரிந்தது.

அந்த அறைக்கு ‘செகண்டரி’ என்று பெயர். வரிசையாக நாற்காலிகள், எதிரே உயரமான ஒரு நீள மேசை. போனை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்திருப்பதாலேயே குற்றவாளி ஆகிவிட மாட்டோம். ஒரே பெயரில் வேறொருவர் பட்டியலில் இருப்பதற்காகவும், ஒரு தாளைச் சரிபார்ப்பதற்காகவும் கூட ஆட்களை அனுப்புவார்கள். ஆனால் உள்ளே விடச் சொல்லிக் கேட்டு நிற்கும் வெளிநாட்டவருக்கு அங்கே வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை பொதுவாகக் கிடையாது. போனும் கையில் இல்லாததால், நீங்கள் சொல்வதும் கையில் உள்ள தாளும்தான் துணை.

தாள் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் அழைக்கப்பட்ட பையனின் ஐ-20 செக்-இன் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி வெளியே பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. கையெழுத்திட்ட ஐ-20, செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர் கட்டிய ரசீது, சேர்க்கைக் கடிதம், கடன் அனுமதி அல்லது வங்கிக் கணக்குத் தாள் எல்லாமே கைப்பையில் இருக்க வேண்டும். போனில் இருக்கிறது என்று நம்பாதீர்கள், போனை அணைக்கச் சொல்லும் இடத்தில் அது எதற்கு உதவும்? பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலக எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். ஏதோ ஒரு தாள் குறைந்தால் சிலரை ஐ-515ஏ என்ற படிவம் கொடுத்து உள்ளே விடுவதுண்டு. 30 நாளுக்குள் விடுபட்டதை அனுப்பிவிட வேண்டும். அது அதிகாரி மனசு வைத்தால் கிடைப்பது. எண்ணி வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

இன்னொன்று, ஐ-20யில் போட்டிருக்கும் படிப்புத் தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்னால்தான் முதல்முறை நுழைய முடியும். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று அதற்கும் முன்னால் போட்டுவிடாதீர்கள்.

என் பக்கத்து நாற்காலியில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என் கைப்பையில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு மெல்ல, “தம்பி, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டாரு. பேரனைப் பாத்துக்க வந்தேன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?” என்றார். சுற்றுலா விசாவில் ஆறு மாதத்துக்கு டிக்கெட் போட்டு வந்திருக்கிறார். பேரனைப் பார்க்க வந்தால் விருந்தாளி. பார்த்துக்கொள்ள வந்தால், குழந்தையைக் கவனிக்கும் ஆயா வேலைக்கு வந்ததாகவே அவர்கள் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. நடுவில் ஒரு ‘துக்கொள்ள’தான் வித்தியாசம். நான் எழுந்து மொழிபெயர்க்கப் போனேன், அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார். பிறகு தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். அந்த அம்மா ஒலிபெருக்கியில் வந்த குரலிடம், “மகளையும் பேரனையும் பார்க்கத்தான் கண்ணு வந்தேன்” என்று சொன்னது அறை முழுக்கக் கேட்டது. எனக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள்.

ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேட்பதில் வெட்கமே வேண்டாம். ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று நினைக்கிறேன். நாம் பேசுவது நமக்குள் புழங்கும் ஆங்கிலம் என்பதே நமக்குத் தெரியாது. புரியாத கேள்விக்கு “யெஸ் யெஸ்” என்று தலையாட்டுவது அதைவிட மோசம். இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள், அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து என்னை அழைத்தார்கள். இந்த அதிகாரி வயதானவர், நிதானமாகப் பேசினார். திரையைப் பார்த்துக்கொண்டே, “உடன்பிறந்தவர் யாரும் அமெரிக்காவில் இல்லை என்று விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறீர்கள். கவுன்ட்டரில் பிரதர் இருக்கிறார் என்கிறீர்கள். எது உண்மை?” என்றார்.

இரண்டும் உண்மைதான். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். நம் வாயில் அவர் அண்ணன்தான். ‘பெரியப்பா மகன்’ என்று முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைக்கே வருவார். படிவத்தில் கேட்டிருந்தது கூடப்பிறந்தவர்களை, அதனால் இல்லை என்பது சரியான பதில். கவுன்ட்டரில் நான் அண்ணனை அப்படியே ‘பிரதர்’ ஆக்கிவிட்டேன். ‘கசின்’ என்ற சொல் எனக்குத் தெரியாமல் இல்லை, அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. ஒரு தாளை வாங்கி, தாத்தாவை மேலே போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்துப் படம் வரைந்து காட்டினேன்.

அவர் அண்ணனின் எண்ணைக் கேட்டு, மேசை போனிலிருந்தே அழைத்தார். ஒரு நிமிடம் பேசிவிட்டு வைத்தார். “அவரும் பிரதர் என்றுதான் சொல்கிறார்” என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில் காப்பாற்றியது பெயர்தான். “சரி, பிரதர் என்றால் ஏன் இரண்டு பேருக்கும் சர்நேம் வேறு?” என்று கேட்டார். எங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது அப்பா பெயர், அப்பா வேறு என்பதால் பெயரும் வேறு என்றேன். படத்தையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “ஷிஃப்டிங்?” என்றார். “வீடு மாற்றுகிறார், சோபா, பெட்டி” என்று கையால் தூக்கிக் காட்டினேன். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. “அடுத்த முறை கசின் என்று சொல்லுங்கள்” என்றார்.

என் போனை அவர் திறக்கச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அந்த அதிகாரம் அவர்களுக்கு உண்டு. 2019 ஆகஸ்ட்டில் ஹார்வர்டில் சேர வந்த 17 வயது பாலஸ்தீன மாணவர் ஒருவரை பாஸ்டனில் இருந்தே திருப்பி அனுப்பினார்கள். தன் போனையும் மடிக்கணினியையும் சோதித்து, நண்பர்கள் போட்ட பதிவுகளைப் பற்றிக் கேட்டதாக அவர் சொன்னார். பத்து நாள் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் அரசியல் சிக்கல் அல்ல, வாட்ஸ்அப் குழுவில் “பெட்ரோல் பங்கில் கேஷ் வேலை கிடைக்குமா அண்ணா” என்று கேட்டு வைத்திருப்பது. வேலை பார்க்கத்தான் வருகிறாய் என்று அவர் நினைத்துவிட்டால் அதை மாற்றுவது கடினம். அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருப்பதுதான் வழி.

மனப்பாடப் பதில்களைப் பற்றியும் என் கருத்தைச் சொல்கிறேன், சிலருக்குப் பிடிக்காது. கன்சல்டன்சிகள் கொடுக்கும் ஐம்பது கேள்வி-பதில் தாள் இங்கே உதவாது. நூறு பேர் ஒரே வாக்கியத்தை ஒப்பித்துக் கேட்டுச் சலித்த காதுகள் அவை. ‘ஏன் இந்தப் பல்கலைக்கழகம்’ என்றால், உண்மையில் இரண்டில்தான் இடம் கிடைத்தது, இதில் கட்டணம் குறைவு என்று சொன்னாலே போதும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆனால் பொய் சொல்லாதீர்கள். முக்கியமான ஒன்றைத் திரித்துச் சொன்னதாகப் பதிவானால், விலக்கு ஏதும் கிடைக்காவிட்டால் நுழைவுத் தடை ஆயுள் முழுக்க நிற்கும்.

நிலைமை முற்றினால் வாக்குமூலம் எழுதி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துக் கேட்பார்கள். களைப்பில் போட்டுத் தொலைக்காதீர்கள். படிக்கத் தரச் சொல்லுங்கள், புரியவில்லை என்றால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நாமே நுழைவுக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போவதும், அவர்கள் உத்தரவு போட்டு வெளியேற்றுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் பொதுவாக ஐந்து வருடத் தடை சேர்ந்து வரும். திரும்பப் பெற விடுவதா என்பதும் அவர் கையில்தான், ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

உள்ளே வந்ததும் செய்ய வேண்டிய ஒன்றைப் பலரும் மறக்கிறார்கள். இணையத்தில் ஐ-94 என்ற உங்கள் நுழைவுப் பதிவை எடுத்து, எஃப்-1 என்றுதான் போட்டிருக்கிறதா, பெயர், பிறந்த தேதி சரியா என்று பாருங்கள். தவறிருந்தால் உடனே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புவதற்கு முன் ஐ-20யில் பயணக் கையெழுத்து வாங்கவும் அதே அலுவலகம்தான். படிக்கும்போது அது ஒரு வருடம் செல்லும். இரண்டாம் முறை நான் வந்தபோது “எந்த செமஸ்டர்?” என்று ஒரே கேள்வி, அத்தோடு சரி.

முதல் முறைக்கு வருகிறேன். ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது பெல்ட் நின்றுவிட்டிருந்தது. என் இரண்டு பெட்டிகளும் ஒரு தூணோரம் தனியாகக் கிடந்தன. வாசலில் அண்ணன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

“என்னடா இவ்வளவு நேரம்? உள்ளேயிருந்து ஒருத்தன் போன் பண்ணி, நீ எனக்கு யாருன்னு கேட்டான். கசினான்னு வேற கேட்டான். அதெல்லாம் இல்ல, என் சொந்தத் தம்பின்னு அடிச்சுச் சொல்லிட்டேன். சரிதானே?”